போருக்குப் பிறகான அமெரிக்க வாழ்க்கை: வீடு, கார், சம்பளம், நிறம் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1945ல ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதுல இருந்து 1973 பெட்ரோல் நெருக்கடி வரைக்கும் உள்ள அமெரிக்காவப் பத்தின பக்கம் இது. அங்க வேலைக்குப் போனவங்க, காலேஜ்ல இத பாடமா எடுத்த பசங்க, பழைய போட்டோல அந்தப் பெரிய காரையும் புல்வெளி வீட்டையும் பாத்து ஆசப்பட்டவங்கன்னு யார் கேட்டாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். அந்த வசதியான வாழ்க்கை தானா வந்துடல, அரசாங்கம் சட்டம் போட்டு, கடனுக்கு கேரண்டி கொடுத்து, ரோடு போட்டு உண்டாக்கினது அது, அதே அரசாங்கம்தான் இது யாருக்குக் கிடைக்காதுங்கறதையும் எழுதி வச்சுச்சு.

போர் முடிஞ்சதும் மறுபடி பெரிய பொருளாதார மந்தம் வரும்னு பயந்தாங்களாமே, ஏன் வரல?

பயந்தது நியாயம்தான். 1933ல நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்லாம இருந்தத கண்ணால பாத்த ஜனங்க அவங்க, இப்ப ராணுவத்துக்குப் போன சுமார் 1.6 கோடி பேர் திரும்பி வந்து நின்னா எந்த ஃபேக்டரி வேலை குடுக்கும்னு கவலை. ஆனா போர் நடந்தப்ப ஜனங்க கையில சம்பளம் இருந்துச்சு, வாங்கறதுக்குத்தான் பொருள் இல்ல. 1942 பிப்ரவரியோட பொதுமக்களுக்கு கார் செய்யறதையே நிறுத்திட்டாங்க, சர்க்கரை, இறைச்சி, டயர், பெட்ரோல் எல்லாம் ரேஷன். அதனால காசெல்லாம் பேங்க்லயும் போர்ப் பத்திரத்துலயும் தூங்கிட்டு இருந்துச்சு, போர் முடிஞ்சதும் மொத்தமா கடைக்கு வந்துச்சு. அப்புறம் ஐரோப்பாவும் ஜப்பானும் குண்டு விழுந்து கிடந்த நேரம், போட்டிக்கு யாருமே இல்ல, உலகத்தோட ஃபேக்டரி உற்பத்தியில பாதிக்குக் கிட்ட இவங்க ஒரு நாட்டுல இருந்து போச்சு. ஆனா இது மட்டும் போதும்னு நான் நினைக்கல, அடுத்த கேள்வியில வர்ற சட்டம் இல்லன்னா கதை வேற மாதிரி போயிருக்கும்.

ஜி.ஐ. பில்னா என்ன, ஏன் அத இவ்ளோ பெருசா பேசறாங்க?

போர்ல இருந்து திரும்பற சிப்பாய்களுக்காக 1944 ஜூன் 22ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட சட்டம். இதுக்குப் பின்னாடி ஒரு கசப்பான சம்பவம் இருக்கு. முதல் உலகப்போர்ல சண்டை போட்டவங்க தங்களுக்குத் தர வேண்டிய போனஸ் பணத்தக் கேட்டு 1932ல வாஷிங்டன்ல குடிசை போட்டு உக்காந்தாங்க, அவங்களோட சொந்த ராணுவமே வந்து அடிச்சுத் துரத்தி குடிசைகளும் எரிஞ்சுச்சு. அது மறுபடி நடக்கக் கூடாதுன்னுதான் இந்தத் தடவை முன்கூட்டியே யோசிச்சாங்க.

வருஷத்துக்கு 500 டாலர் வரைக்கும் காலேஜ் ஃபீஸ், அப்ப ஹார்வர்டு ஃபீஸே அதுக்குள்ள அடங்கிடும். மேல மாசாமாசம் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம். வேலை கிடைக்கலன்னா வாரம் 20 டாலர், 52 வாரத்துக்கு. வீடு வாங்க கேரண்டி. சுமார் 78 லட்சம் பேர் படிப்பு, தொழிற்பயிற்சின்னு இத பயன்படுத்திக்கிட்டாங்க, அதுல 22 லட்சம் பேர் காலேஜ் போனவங்க. 1947ல காலேஜ்ல படிச்சவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் சிப்பாய்ங்க, கல்யாணமாகி குழந்தையோட வந்தவங்கள தங்க வைக்க ராணுவத்தோட தகரக் கொட்டகைய காலேஜ் மைதானத்துல கொண்டு வந்து வச்சாங்க. சுரங்கத் தொழிலாளியோட மகனும் விவசாயியோட மகனும் இஞ்சினியர் ஆனது இப்படித்தான். ஒரு தலைமுறையோட தலையெழுத்த ஒரே சட்டம் மாத்தினதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

லெவிட்டவுன் லெவிட்டவுன்னு சொல்றாங்களே, அது என்ன ஊரு?

நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டுன்னு ஒரு இடம், அங்க உருளைக்கிழங்கு வயலா இருந்த நிலத்துல 1947ல லெவிட் அண்ட் சன்ஸ் கம்பெனி வீடு கட்ட ஆரம்பிச்சுது. 1951க்குள்ள 17,447 வீடு. வீட்டு வேலைய 27 கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கும்பல், அந்தக் கும்பல் ஒரு வீட்ல தன் வேலைய முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடும். கார் ஃபேக்டரியில காரு நகரும், ஆளு நிப்பான், இங்க வீடு நிக்கும், ஆளு நகர்ந்துகிட்டே இருப்பான். லாரி வந்து ஒவ்வொரு மனைக்கும் முன்னாடி அளவா அறுத்த மரத்த இறக்கிட்டுப் போகும், அடித்தளம் தோண்டாம கான்கிரீட் பலகை மேலயே வீடு, வெந்நீர்க் குழாய அந்தக் கான்கிரீட்டுக்குள்ளயே ஓட விட்டு தரைய சூடாக்கினாங்க. பெயிண்ட் அடிக்கறவங்கள்லயே ஒரு கலருக்கு ஒரு கும்பல். மரம் அறுக்கற மில்லு கம்பெனியோடது, ஆணிகூட சொந்தமா செஞ்சாங்க, யூனியன் ஆளுங்கள சேக்கல. வேகம் உச்சத்துல இருந்தப்ப ஒரு நாளைக்கு 30 வீடு முடிஞ்சுது.

சின்ன வீடுதான், 750 சதுர அடி, ரெண்டு பெட்ரூம், மாடியில முடிக்காம விட்ட இடம், காசு வரும்போது நீங்களே ரூம் ஆக்கிக்கலாம். 1949ல விலை 7,990 டாலர். முன்னாள் சிப்பாயா இருந்தா முன்பணம் ஒண்ணும் வேண்டாம், மாசம் 60 டாலருக்குக் கொஞ்சம் கம்மியாத் தவணை. உள்ள ஸ்டவ், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேத்தே குடுத்தாங்க, 1950 மாடல்ல மாடிப்படி சுவத்துலயே டிவிய பதிச்சு வச்சுட்டாங்க. கட்டுப்பாடும் உண்டு, வேலி போடக் கூடாது, புல்லு வெட்டாம விடக் கூடாது, சனி ஞாயிறு துணி காயப்போடக் கூடாது.

ஒரே அச்சுல வார்த்த ஊருன்னு படிச்சவங்க நிறைய பேர் அப்ப கேலி பண்ணாங்க. எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. கல்யாணம் பண்ணி மாமனார் வீட்டு ஹால்ல படுத்துக்கிட்டு இருந்த குடும்பத்துக்கு சொந்தச் சாவி கிடைச்சத அப்படி லேசா பேசக் கூடாது. கோவப்பட வேண்டியது வேற விஷயத்துக்கு, அது கீழ வருது.

ஒருத்தர் சம்பளத்துல வீடு, கார், நாலு பிள்ளைங்க படிப்பு எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்றது உண்மையா?

நிறைய பேருக்கு உண்மை, எல்லாருக்கும் இல்ல. 1950ல நடுமட்டக் குடும்பத்தோட வருஷ வருமானம் சுமார் 3,300 டாலர், மேல சொன்ன வீட்டு விலையோட வச்சுப் பாருங்க, ரெண்டரை வருஷ வருமானத்துக்கும் கம்மி. சொந்த வீட்ல இருந்த குடும்பங்க 1940ல 43.6 சதவீதம், 1960ல 61.9.

இதுல யூனியனோட பங்க மறக்கக் கூடாது. 1945-46ல ஜெனரல் மோட்டார்ஸ்ல 113 நாள் ஸ்டிரைக் நடந்துச்சு. அப்புறம் 1950ல அதே கம்பெனியும் வால்டர் ரூத்தர் தலைமையில இருந்த கார் தொழிலாளர் யூனியனும் அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டாங்க, விலைவாசி ஏறினா சம்பளமும் ஏறும், பென்ஷன் உண்டு, மருத்துவச் செலவுல கம்பெனிக்கும் பங்கு உண்டு. மத்த பெரிய கம்பெனிங்களும் அதே வழிக்கு வந்தாங்க. 1950கள்ல மூணு தொழிலாளியில ஏறக்குறைய ஒருத்தர் யூனியன் மெம்பர். பெரும் பணக்காரங்களோட வருமானத்துல மேல்மட்டத்துக்கு 91 சதவீதம் வரி அந்தக் காலத்துலதான் இருந்துச்சு, நாடு அதனால ஒண்ணும் முடங்கிப் போயிடல.

இந்த வசதியெல்லாம் கறுப்பின மக்களுக்கும் கிடைச்சுதா?

இதுதான் எனக்கு இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி. சட்டத்துல நிறம்னு ஒரு வார்த்தை கிடையாது, ஜி.ஐ. பில் எல்லா சிப்பாய்க்கும்னுதான் இருக்கு. ஆனா கடன் குடுக்கறது உள்ளூர் பேங்க், அட்மிஷன் குடுக்கறது உள்ளூர் காலேஜ், வேலைக்கு அனுப்பறது உள்ளூர் ஆபீஸ். 1947ல எபனி பத்திரிகை மிசிசிப்பியில 13 ஊர்ல கணக்கெடுத்துச்சு, சிப்பாய்களுக்கு அரசாங்கம் கேரண்டி குடுத்த 3,229 கடன்ல கறுப்பினத்தவருக்குப் போனது வெறும் ரெண்டு. நார்மண்டியிலயும் இத்தாலியிலயும் இருந்துட்டு வந்தவங்களுக்கு அவங்க ஊர் பேங்க் குடுத்த மரியாதை அது.

வீட்டுக் கடன் விஷயத்துல இன்னும் மோசம், அங்க உள்ளூர்க்காரங்க மேல மட்டும் பழிய போட முடியாது. 1934ல ஆரம்பிச்ச எஃப்.ஹெச்.ஏ.ங்கிற ஃபெடரல் (அதாவது மத்திய அரசு) அமைப்பு பேங்க் குடுக்கற வீட்டுக் கடனுக்கு இன்சூரன்ஸ் குடுக்கும், அதோட கையேட்லயே கறுப்பினத்தவர் வந்தா சுத்துவட்டார மதிப்பு விழும்ங்கற கணக்கு இருந்துச்சு, மனைப் பத்திரத்துல வெள்ளையருக்கு மட்டும்னு நிபந்தனை எழுதறத ஊக்குவிச்சுது. அதே 1930கள்ல இன்னொரு ஃபெடரல் அமைப்பு நகரம் நகரமா மேப் போட்டு, கறுப்பினத்தவர் இருந்த ஏரியாவுக்கெல்லாம் சிவப்பு கலர் அடிச்சு ஆபத்தான இடம்னு வச்சிருந்துச்சு. 1941ல டெட்ராய்ட்ல ஒரு பில்டர் வெள்ளையருக்கு வீடு கட்டப் பாத்தாரு, பக்கத்துலயே கறுப்பினக் குடும்பங்க இருந்ததால எஃப்.ஹெச்.ஏ. ஒத்துக்கல, உடனே அவரு நடுவுல ஆறடி உயரத்துக்கு அரை மைல் நீளம் கான்கிரீட் சுவர் எழுப்பினாரு, கடனுக்கு அனுமதி வந்துடுச்சு. அந்தச் சுவர் இன்னைக்கும் நிக்குது, மேல படம் வரைஞ்சு வச்சிருக்காங்க.

லெவிட்டவுன்லயும் ஆரம்பத்துல குடுத்த வாடகை ஒப்பந்தத்துல வெள்ளை இனத்தவரத் தவிர வேற யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு பச்சையா எழுதியிருந்துச்சு, வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு மட்டும் விலக்கு. 1948ல சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரி நிபந்தனைய கோர்ட் மூலமா அமல்படுத்த முடியாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுக்கப்புறமும் கம்பெனி கறுப்பினத்தவருக்கு விக்கல.

பென்சில்வேனியாவுல கட்டின ரெண்டாவது லெவிட்டவுன்ல 1957 ஆகஸ்ட்ல வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ்னு ஒரு கறுப்பினத் தம்பதி மூணு குழந்தைங்களோட வந்து குடியேறினாங்க. கம்பெனிகிட்ட வாங்கல, ஏற்கனவே அங்க இருந்தவர்கிட்ட வாங்கினது. வில்லியம் முன்னாள் சிப்பாய், டெய்ஸி அம்மா காலேஜ் படிச்சவங்க. தபால்காரர் அந்தம்மாவப் பாத்துட்டு வீட்டுக்கு வீடு சொல்லிட்டுப் போயிட்டாராம். அன்னைக்கு ராத்திரியே கூட்டம் கூடிடுச்சு, கல்லு விட்டு ஜன்னல் கண்ணாடிய உடைச்சாங்க, தினமும் நூத்துக்கணக்குல வந்து நின்னு கத்தினாங்க, ஒரு போலீஸ்காரர் கல்லடி பட்டு மயங்கி விழுந்தாரு, கடைசியில கவர்னர் மாநிலப் போலீச அனுப்பித்தான் அடங்குச்சு. பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் ஒண்ணு கடைசி வரைக்கும் கூட நின்னுச்சு. மையர்ஸ் குடும்பம் ஓடிப்போகல, சில வருஷம் அங்கயேதான் இருந்தாங்க. பிள்ளைங்களோட அந்த வீட்டுக்குள்ள உக்காந்திருந்த ராத்திரிங்கள நினைச்சா மனசு பதறுது.

கறுப்பின மக்கள் ஏன் தெற்குல இருந்து கூட்டம் கூட்டமா வடக்குக்குப் போனாங்க?

ஒதுக்கலும் அடிதடியும் எப்பவும் இருந்த காரணம், போருக்குப் பிறகு கூட சேந்தது மெஷின். 1944 அக்டோபர் 2ஆம் தேதி மிசிசிப்பியில கிளார்க்ஸ்டேல் பக்கத்துல ஹாப்சன் பண்ணையில பருத்தி பறிக்கற மெஷின வச்சு எல்லாரும் பாக்க ஓட்டிக் காட்டினாங்க, நல்லா கை வேகம் உள்ள ஒருத்தர் மணிக்கு 20 பவுண்டு பறிப்பாரு, மெஷின் சுமார் 1,000 பவுண்டு. ஒரு பேலுக்கு (பருத்திக் கட்டுக்கு) கைப்பறிப்பு கூலி 39 டாலர் சொச்சம், மெஷின்ல 5 டாலர் சொச்சம்னு பண்ணைக்காரரே கணக்கு எழுதி வச்சாரு. விளைச்சல்ல பங்கு குடுத்து குத்தகை விவசாயம் செஞ்ச குடும்பங்க இனி தேவையில்லன்னு ஆச்சு. 1940ல இருந்து 1970க்குள்ள சுமார் 50 லட்சம் பேர் சிகாகோ, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ்னு கிளம்பிப் போனாங்க.

போன இடத்துல பேங்க் கடன் இல்ல. சிகாகோவுல புரோக்கர்ங்க வெள்ளையர்கிட்ட மலிவா வாங்கி இவங்களுக்கு ரெண்டு மடங்குக்குக்கூட தவணைக்கு வித்தாங்க, ஒரு தவணை தவறினா வீடும் போச்சு, அதுவரைக்கும் கட்டின பணமும் போச்சு. 1960கள் கடைசியில லான்டேல் ஏரியா ஜனங்க சங்கம் சேந்து தவணை கட்ட மாட்டோம்னு நின்னாங்க. வீடு விக்கறதுல நிற பேதம் பாக்கக் கூடாதுங்கற ஃபெடரல் சட்டம் 1968 ஏப்ரல்லதான் வந்துச்சு, மார்ட்டின் லூதர் கிங்க சுட்டுக் கொன்ன ஒரு வாரத்துல.

ஹைவே எப்படி வந்துச்சு?

ஐசனோவர் 1919ல இளம் அதிகாரியா ராணுவ லாரிங்களோட வாஷிங்டன்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போனாரு, 62 நாள் ஆச்சு. அப்புறம் ஜெர்மனியில நல்ல ரோட்டையும் பாத்தாரு. 1956 ஜூன் 29ல அவரே ஜனாதிபதியா கையெழுத்துப் போட்டு 41,000 மைல் ஹைவே திட்டம், செலவுல 90 சதவீதம் ஃபெடரல் பணம், அந்தப் பணம் பெட்ரோல் வரியில இருந்து. புறநகர்ல வீடு வாங்கினவங்க நகரத்துக்கு வேலைக்குப் போய் வர இதுதான் வழி. அதே வருஷம் மின்னசோட்டாவுல சவுத்டேல்னு கூரை போட்டு ஏசி வச்ச மால் திறந்தாங்க, கடைவீதியும் நகரத்த விட்டு வெளிய போக ஆரம்பிச்சுது.

ஆனா ரோடு நகரத்துக்குள்ள நுழையற இடத்துல யார் வீட்ட இடிச்சாங்கன்னு பாக்கணும். செயின்ட் பால்ல ரோண்டோ, மயாமியில ஓவர்டவுன், டெட்ராய்ட்ல பிளாக் பாட்டம், எல்லாமே கறுப்பின மக்கள் கடை, சர்ச், கிளப்னு கஷ்டப்பட்டு வளத்த இடங்க. நியூ ஆர்லியன்ஸ்ல கிளைபோர்ன் அவென்யூவுல வரிசையா நின்ன ஓக் மரங்கள 1966ல வெட்டிட்டு மேம்பாலம் கட்டினாங்க, மார்டி கிரா திருவிழாவுக்கு குடும்பம் குடும்பமா கூடின நிழல் அது.

வீட்டுக்குள்ள என்ன மாறுச்சு? டிவி, கிரெடிட் கார்டு எல்லாம் அப்பதானா?

1950ல பத்து வீட்ல ஒரு வீட்லகூட டிவி இல்ல, 1960ல பத்துல ஏறக்குறைய ஒன்பது வீட்ல. இவ்ளோ வேகமா எந்தப் பொருளும் அதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வந்ததில்ல. கிரெடிட் கார்டு கதைய கேளுங்க, 1958 செப்டம்பர்ல பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவுல ஃபிரெஸ்னோ ஊர் ஜனங்களுக்கு, யாரும் கேக்காமலே, 60,000 கார்ட தபால்ல அனுப்பிடுச்சு, அதுதான் பின்னாடி விசா ஆச்சு. அதுவரைக்கும் கடன்னா பெரும்பாலும் ஒரு கடையில ஒரு பொருளுக்குன்னு இருந்தது, எங்க வேணா எதுக்கு வேணான்னு ஆயிடுச்சு.

பெண்கள் நிலைமை?

போர்ல கப்பல் கட்டினவங்க, விமானத்துக்கு ஆணி அடிச்சவங்க, போர் முடிஞ்சதும் ஆம்பளைங்களுக்கு இடம் விடுன்னு அனுப்பப்பட்டாங்க. 1950கள் நடுவுல பெண்ணுங்க முதல் கல்யாண வயசு சராசரியா 20 ஆயிடுச்சு, 1946ல இருந்து 1964க்குள்ள பிறந்த குழந்தைங்க சுமார் 7.6 கோடி. ஆனா எல்லாரும் வீட்டோட இருந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க, 1950லயே மூணுல ஒரு பெண் வேலைக்குப் போனாங்க, 1970ல பத்துக்கு நாலு பேருக்கும் மேல. சம்பாதிச்சாலும் கடன் கிடையாது, எப்படியும் குழந்தை பெத்துக்கிட்டு நின்னுடுவாங்கன்னு மனைவி சம்பளத்த பாதியாக் கணக்கெடுப்பாங்க இல்ல எடுக்கவே மாட்டாங்க, கார்டுக்குக்கூட புருஷன் கையெழுத்து கேப்பாங்க. 1974 சட்டம்தான் அத நிறுத்துச்சு.

ஹெல்த் இன்சூரன்ஸ் ஏன் அங்க வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு?

போர்க்காலத்துல சம்பளத்த ஏத்தக் கூடாதுன்னு 1942ல கட்டுப்பாடு போட்டாங்க, ஆளப் பிடிக்க கம்பெனிங்க சம்பளத்துக்குப் பதிலா இன்சூரன்ஸ் குடுத்துச்சு, அதுக்கு வரி கிடையாதுன்னு 1954ல சட்டத்துலயே உறுதியா எழுதிட்டாங்க. ஜனாதிபதி ட்ரூமன் எல்லாருக்குமான தேசிய இன்சூரன்ஸ் கொண்டு வரப் பாத்தாரு, டாக்டர்கள் சங்கம் பெரிய செலவு பண்ணி எதிர்த்துத் தோக்கடிச்சுது. தற்காலிகமா செஞ்ச ஏற்பாடு நிரந்தரமாயிடுச்சு, வேலை போனா வைத்தியமும் போகும்ங்கற கொடுமை இன்னைக்கும் தொடருது. 65 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும் 1965ல மெடிகேர்ங்கற அரசாங்க இன்சூரன்ஸ் வந்துச்சு.

நல்லது மட்டும்னு சொல்ல ஏதாவது இருக்கா?

போலியோ தடுப்பூசி. 1952ல மட்டும் 57,000க்கு மேல கேஸ், கோடை வந்தா நீச்சல் குளத்த மூடிடுவாங்க. 1954ல 18 லட்சம் குழந்தைங்கள வச்சு நடந்த சோதனையில ஜோனாஸ் சால்க்கோட மருந்து வேலை செய்யுதுன்னு 1955 ஏப்ரல் 12ல அறிவிச்சப்ப ஊரெல்லாம் சர்ச் மணி அடிச்சாங்க.

அந்தக் காலம் எப்ப, ஏன் முடிஞ்சுது?

1973 அக்டோபர்ல அரபு நாடுங்க எண்ணெய நிறுத்துச்சு, சில மாசத்துல பீப்பாய் 3 டாலர்ல இருந்து 12 டாலர் கிட்டப் போச்சு, பங்க்ல மைல் கணக்குல க்யூ. ஆனா அதுக்கு முன்னாடியே அஸ்திவாரம் ஆடிட்டுதான் இருந்துச்சு. 1956 ஏப்ரல்ல நியூவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ்னு ஒரு கப்பல் 58 கன்டெய்னரோட கிளம்புச்சு, சில்லறையா ஏத்தினா டன்னுக்கு 5.83 டாலர் ஆன ஏத்துக்கூலி அதுல 16 சென்ட்தான் ஆச்சு. தூரத்து நாட்டுப் பொருள் மலிவா வர வழி அன்னைக்கே திறந்தாச்சு. ஜெர்மனியும் ஜப்பானும் புது ஃபேக்டரியோட எழுந்து வந்துட்டாங்க, இங்க முதலாளிங்க பழைய உலையிலயே ஓட்டினாங்க. 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கக்கிழமை, ஒஹையோவுல யங்ஸ்டவுன் ஸ்டீல் கம்பெனி தன்னோட முக்கிய மில்ல மூடறோம்னு அறிவிச்சுது, சுமார் 5,000 பேர் வேலை. அந்த ஊர்க்காரங்க இன்னும் அத கறுப்புத் திங்கள்னுதான் சொல்றாங்க.

நம்ம ஆளுங்க இதுல எப்ப உள்ள வந்தாங்க?

1946 சட்டப்படி இந்தியாவுல இருந்து வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் இடம். 1965 அக்டோபர்ல ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்ட குடியேற்றச் சட்டம் நாட்டு வாரி ஒதுக்கீட்ட எடுத்துட்டு படிப்பு, திறமை, குடும்ப உறவுன்னு மாத்துச்சு, நம்ம டாக்டருங்களும் இஞ்சினியருங்களும் அப்புறம்தான் போனாங்க. 1977ல நியூயார்க் ஃப்ளஷிங்ல பிள்ளையார் கோயிலும், பிட்ஸ்பர்க் புறநகர் பென் ஹில்ஸ்ல வெங்கடேஸ்வரா கோயிலும் கும்பாபிஷேகம் ஆச்சு. இந்தக் கதவ திறந்து விட்ட காலமும் சிவில் ரைட்ஸ், அதாவது கறுப்பின மக்களோட சம உரிமைப் போராட்டத்தோட காலம்தான், ஒரு நாட்டுக்காரன் ஒசத்தி இன்னொருத்தன் தாழ்த்திங்கற கணக்க அந்தப் போராட்டம் உடைக்கலன்னா நமக்கு இடம் கிடைச்சிருக்குமாங்கறது சந்தேகம். நம்ம சங்கக் கூட்டங்கள்ல இத இன்னும் சத்தமா சொல்லணும்னு எனக்கு ஆசை.

நான் இப்ப அங்க வீடு வாங்கப் போறேன், இந்தப் பழைய கதைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

நீங்க வாங்கற 30 வருஷ மாறாத வட்டிக் கடனே அந்தக் கால ஏற்பாடுதான். பழைய ஏரியாவுல வாங்கறீங்கன்னா பத்திரத்த முழுசாப் படிங்க, வெள்ளையருக்கு மட்டும்ங்கற வரி செல்லாதுன்னு ஆனாலும் இன்னும் பல பத்திரத்துல கிடக்குது, அத நீக்கறதுக்கு பல மாநிலத்துல சட்டம் இருக்கு, கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்ல கேட்டா படிவம் தருவாங்க. 2022 ஃபெடரல் ரிசர்வ் சர்வேல நடுமட்ட வெள்ளையர் குடும்பச் சொத்து சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு சுமார் 45,000, இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம் மேல சொன்ன வீடுங்கதான், அப்பா வாங்கின வீடு பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் ஆச்சு, பேரனுக்கு முன்பணம் ஆச்சு. 1930கள்ல போட்ட அந்தச் சிவப்பு மேப் எல்லாத்தையும் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் நெட்ல இலவசமா போட்டிருக்கு, உங்க நகரம் அதுல இருந்தா தெருவ எந்தக் கலர்ல அடிச்சிருந்தாங்கன்னு பாக்கலாம், பக்கத்துலயே அந்தக் கலர் அடிச்ச அதிகாரி எழுதின காரணமும் இருக்கும்.